ஏன் என்று கேட்காத அல்காரிதம் தாள்

'அல்காரிதம் வடிவமைப்பும் பகுப்பாய்வும்' என்னும் தாளில் பகுப்பாய்வு பெரும்பாலும் பெயரளவிலேயே இருக்கிறது. எந்த வரிசையாக்க முறைக்கு எவ்வளவு நேரச் சிக்கல் என்னும் அட்டவணையை மாணவர் மனப்பாடம் செய்கிறார், தேர்வில் எழுதுகிறார், மறக்கிறார். அந்த அளவு ஏன் வந்தது என்று எவரும் கேட்பதில்லை. என் பார்வையில், அந்த 'ஏன்' நீங்கிவிட்டால் அத்தாளில் கற்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

குமுளி வட்டாரத்தவர் நன்கறிந்த ஏலக்காயையே எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் காய்களை அளவின்படி வரிசைப்படுத்த வேண்டும். குமிழி வரிசையாக்கத்துக்கு ஏறத்தாழ 50,000 கோடி ஒப்பீடுகள் தேவைப்படலாம். ஒன்றிணைப்பு வரிசையாக்கம் 2 கோடிக்குள் முடித்துவிடும். இரண்டிரண்டாக ஒப்பிடும் எந்த முறையும் எல்லா நேர்வுகளிலும் இதைவிடப் பெரிதும் குறைக்க இயலாது என்பதும் நிறுவப்பட்ட உண்மை.

ஆயினும், தரம் பிரிக்கும் இடத்தில் எவரும் இரு காய்களை ஒப்பிடுவதில்லை, சல்லடையில் சலிக்கிறார்கள். நான்கு சல்லடைகள் எனில், ஒரு காய்க்கு அதிகம் போனால் நான்கு சோதனைகள். மொத்தம் 40 லட்சத்துக்குள் அடங்கும். நிறுவப்பட்ட எல்லை பொய்த்துவிட்டதா? இல்லை. அது ஒப்பீட்டு முறைகளுக்கு மட்டுமே உரியது. மேலும், வியாபாரிக்கு முழு வரிசை தேவையில்லை. 8 மில்லிமீட்டர் காய் தனியே, சிறியது தனியே இருந்தால் போதும். கேட்கப்பட்டது எது, அனுமதிக்கப்பட்ட செயல் எது என்னும் இவ்விரு வினாக்களே பகுப்பாய்வின் தொடக்கம். அட்டவணையை ஒப்பிப்பவருக்கு இவ்வினாக்கள் எழுவதே இல்லை.

இவ்வினாக்களின் ஆற்றலுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்கலாம். எளிதாகத் தோன்றும் இம்முறையில், இரண்டு இலக்கங்கள் கூடினால் வேலை பத்து மடங்காகிறது. உள்ளீட்டின் அளவு அந்த எண்ணன்று, அதன் இலக்க எண்ணிக்கை என்று உணர்ந்தவருக்கே இது சிக்கலாகத் தெரியும். 2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் இலக்க எண்ணிக்கையின் பல்லுறுப்புக் கோவைக்குள் அடங்கும் உறுதியான சோதனையைத் தந்தனர். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்திருந்தவர்கள்.

இதில் மொழியும் கலந்திருக்கிறது. நிறுவல் என்பது ஒருவகை வாதம். ஆங்கிலத்தில் வாதிடத் தயங்கும் மாணவர் மனப்பாடத்தைச் சரணடைகிறார். எல்லையின் இருபுறமும் தமிழில் சிந்திக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். கலைச்சொற்கள் எம்மொழியிலும் இருக்கட்டும். 'ஏன்' என்னும் விவாதம் தமிழில் நடக்கட்டும். வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள்: நேரச் சிக்கலை வினாவிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள், காரணத்துக்கு மட்டும் மதிப்பெண் இடுங்கள்.