யூபிலி ஆண்டும் ஏழை நாடுகளின் கடனும்

2026 ஜனவரி 6ஆந் திகதி உரோமாபுரியிலுள்ள புனித பேதுரு பேராலயத்தின் திருக்கதவைப் பாப்பரசர் பதினான்காம் லியோ மூடியபோது கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி ஆண்டு நிறைவெய்தியது. 2024 டிசெம்பர் 24ஆந் திகதி அக்கதவைத் திறந்துவைத்தவர் பாப்பரசர் பிரான்சிஸ். நிறைவைக் காண அவர் இருக்கவில்லை. 2025 ஏப்ரில் 21ஆந் திகதி காலமாகிவிட்டார். திருப்பிச் செலுத்தவே இயலாத வறிய நாடுகளின் கடன்களை நீக்கிவிடுங்கள் என்று, அந்த ஆண்டை முன்னிட்டு அவர் செல்வ நாடுகளை வேண்டியிருந்தார். யாத்திரிகர்கள் கோடிக்கணக்கில் அக்கதவின் வழியே சென்று மீண்டனர். கடன்களோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நான் கிறித்தவனல்லேன்; சைவ மரபில் வந்தவன். ஆயினும் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலர் துணைநின்ற நாட்டிலே சைவனொருவன் விவிலியத்தைக் கையிலெடுப்பது புதுமையன்று. இவ்விடயம் நமக்கு அந்நியமானதுமன்று. 2022 ஏப்ரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. 2021இல் நூற்றுக்கு 13 ஆக இருந்த வறியோர் வீதம் 2022இல் 25 ஆக உயர்ந்ததென உலக வங்கி கணித்தது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்கள், நாட்டின் கடன் வீட்டின் அடுப்பை எவ்வாறு அணைக்கும் என்பதை நன்கறிவர். ஆகவே, வறுமையை விளங்கிக்கொள்ளவும் குறைக்கவும் கிறித்தவ சிந்தனை காட்டும் வழி யாதென ஆராய்தல் நமக்கும் பயனுடையதே.

கிறித்தவ உலகம் வறுமையை ஒரே கண்கொண்டு நோக்கவில்லை. அதன் நோக்குகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது ஈகை. பசித்தோர்க்குச் சோறும் நோயுற்றோர்க்கு மருந்தும் அளிப்பது அது. 1950இல் கல்கத்தாவிலே அன்னை திரேசா தொடங்கிய சபை அதற்குச் சான்று. இரண்டாவது முன்னேற்றம். பாடசாலை, தொழிற்பயிற்சி, கூட்டுறவு ஆகியவற்றால் ஏழையைத் தன் காலில் நிற்கச் செய்வது அது. மூன்றாவது நீதி. ஏழை ஏன் ஏழையாயிருக்கிறான் என்று கேட்பது அது. 1968இல் மெடலின் நகரிற் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்களும், 1971இல் விடுதலை இறையியல் பற்றிய தமது நூலை வெளியிட்ட குஸ்தாவோ குத்தியேரெசும் இக்கேள்வியை உரத்து எழுப்பினர். அதே 1971இல் கொழும்பிலே சமூக சமய நிலையத்தை நிறுவிய திஸ்ஸ பாலசூரிய அடிகளாரும், களனியில் ‘துலான’ ஆய்வகத்தை நிறுவிய அலோசியஸ் பீரிஸ் அடிகளாரும் அதனை ஆசியாவுக்கேற்ப விரித்தனர். துறவி தானே விரும்பி ஏற்கும் வறுமை வேறு, மக்கள்மேற் சுமத்தப்படும் வறுமை வேறு என்று பீரிஸ் அடிகளார் பிரித்துக்காட்டியது, பட்டினத்தாரை அறிந்த நமக்கு எளிதில் விளங்கும்.

இம்மூன்றாவது நோக்கின் வேர் லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஐம்பதாவது ஆண்டுதோறும் எக்காளம் ஊதி விடுதலை கூறவேண்டும். வறுமையால் அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்கு மீளவேண்டும். கைமாறிய காணி பழைய குடும்பத்தையே சேரவேண்டும் என்பது அங்குள்ள விதி. இச்சட்டத்தை யாழ்ப்பாணத்தார் விளங்கிக்கொள்வது கடினமன்று. நமது தேசவழமையிலே ஒற்றி என்றொரு முறை உண்டு. காணியை ஒற்றிக்கு எடுத்தவன் வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பான். காணி உடையவனுக்கே உரியதாயிருக்கும். லேவியராகமத்திலும் விற்கப்படுவது வயலன்று. அடுத்த யூபிலி வரையுள்ள விளைச்சல்களே விற்கப்படுகின்றன. எஞ்சிய ஆண்டுகளின் தொகைக்கேற்பவே விலையும் அமையும். சுருங்கச் சொல்லின், விளைநிலத்தைப் பொறுத்தவரை அங்கே எல்லா விற்பனையும் ஒற்றியே. அறுதி என்பது இல்லை.

என் இளமையில் எங்கள் ஊரில், ஈடு வைத்த காணி அறுதியாகப் போன வீடுகள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். குடித்தும் சூதாடியும் கெட்டவர் அவர்களுட் சிலரே. ஒரு மகளின் சீதனம், ஒரு போகம் பொய்த்தமை, ஒரு நீண்ட நோய் ஆகியவற்றுள் ஒன்றே ஏனையோரை வீழ்த்தப் போதுமாயிருந்தது. வறுமை ஒருவனுடைய குணத்தின் குறைபாடு மட்டுமன்று. அது வட்டியைப்போல வளர்ந்து பிள்ளைகளின் தலையிலும் ஏறும் என்பதைப் பழைய சட்டம் அறிந்திருந்தது.

பபிலோனிய மன்னர்களும் கடன்களை நீக்கியதுண்டு. கி. மு. 17ஆம் நூற்றாண்டில் அம்மிசதுக்கா மன்னன் பிறப்பித்த அத்தகைய ஆணையொன்று இன்றும் கிடைக்கின்றது. ஆயின் அது மன்னனின் விருப்பத்தால் வந்த சலுகை. யூபிலியோ நாட்காட்டியில் எழுதப்பட்ட சட்டம். அது முழுமையாக நடைமுறையில் இருந்ததா என்று அறிஞர் ஐயுறுகின்றனர். எனினும் அதன் கருத்து வெளிப்படை: விடுதலை என்பது இரந்து பெறும் பொருளன்று, முன்கூட்டியே குறிக்கப்பட்ட உரிமை.

இக்கருத்தை நம் காலத்து உலக அரசியலிற் புகுத்தியவர்கள் பிரித்தானியாவில் இருவர். கீல் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் மார்ட்டின் டென்ற் ஒருவர். ஓய்வுபெற்ற இராசதந்திரி பில் பீற்றர்ஸ் மற்றவர். அவர்கள் தொடங்கிய ‘யூபிலி 2000’ இயக்கத்திலே தேவாலயங்களும் தொண்டர் சபைகளும் தொழிற்சங்கங்களும் இணைந்தன. 1998 மே 16ஆந் திகதி பேர்மிங்ஹாம் நகரில் வல்லரசுத் தலைவர்கள் கூடியபோது ஏறக்குறைய 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாய் நின்றனர். உலகெங்கும் 2 கோடி 40 இலட்சத்துக்கு அதிகமானோர் மனுவிற் கையொப்பமிட்டனர். உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் 1996இல் தயங்கித் தொடங்கிய கடன் நிவாரணத் திட்டம் 1999இல் விரிவாக்கப்பட்டது. 2005இல் மேலும் ஆழமாயிற்று. அதனால் 37 நாடுகளின் 10,000 கோடி டொலருக்கு மேற்பட்ட கடன் நீங்கிற்று.

பயன் வெறுங் கணக்கேட்டோடு நின்றுவிடவில்லை. உகண்டா தனக்கு மிஞ்சிய பணத்தை வறுமை ஒழிப்புக்கென ஒரு தனி நிதியிற் சேர்த்து ஆரம்பக் கல்விக்குச் செலவிட்டது. தன்சானியா 2001இல் ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை நீக்கியது. சாம்பியா 2006இல் கிராமப்புற மருத்துவ நிலையங்களில் அறவிட்டுவந்த கட்டணத்தைக் கைவிட்டது. ஆசிரியர்களாகிய நாம் இதன் பொருளைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆயினும் எதிர்வாதமும் உண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. நிவாரணம் பெற்ற சாம்பியா 2020இலும் கானா 2022இலும் மீண்டும் கடன் செலுத்த இயலாது நின்றன. ஊழல் ஆட்சியாளர் வாங்கிய கடனை நீக்கினால் மேலும் வாங்கத் துணிவர், கொடுப்போரும் இனிக் கொடுக்க அஞ்சுவர் என்பர் பொருளியலார் பலர். இவ்வச்சம் புதியதன்று. விடுதலை ஆண்டு நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கைம்மாற்று மறுப்போரை உபாகமத்தின் 15ஆம் அதிகாரம் கண்டிக்கின்றது. அக்கண்டனமும் போதாமற்போகவே, கி. மு. முதலாம் நூற்றாண்டளவில் கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்து அழியாது காக்கும் ஏற்பாட்டை யூத அறிஞர் ஹில்லேல் வகுக்கவேண்டியதாயிற்று. எனவே, கருணை மட்டும் போதாதென்பதை விவிலிய மரபே ஒப்புக்கொள்கின்றது. கொடுப்பவன், வாங்குபவன் ஆகிய இருவரையும் கட்டும் விதி வேண்டும்.

அத்தகைய விதிக்கு ஒரு சிறிய நாடு வழிகாட்டியுள்ளது. கரிபியன் தீவாகிய கிரெனடா 2013இல் கடன் செலுத்த இயலாது தவித்தபோது, அங்குள்ள திருச்சபைகள் ஒன்றுகூடி யூபிலியின் பெயரால் கடன் குறைப்பைக் கோரின. 2015இல் எய்திய உடன்படிக்கையில் பிணைமுறிகளின் பெறுமதி பாதியாகக் குறைந்ததோடு, பெரும் புயல் அடித்தால் தவணைகளைப் பிற்போடலாம் என்னும் வாசகமும் சேர்ந்தது. 2024 யூலை தொடக்கத்தில் ‘பெரில்’ சூறாவளி அத்தீவைச் சிதைத்தது. கிரெனடா எவரிடமும் இரக்கவில்லை. தன் பத்திரத்திலுள்ள வாசகத்தைச் சுட்டித் தவணையைப் பிற்போட்டது. யூபிலிச் சட்டத்தின் ஆவியை நம் காலத்தில் இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை என்பேன்.

நம் நாட்டை நோக்குவோம். 2006இல் நிவாரணத் திட்டத்துக்குத் தகுதியுள்ள நாடாக இலங்கையும் கருதப்பட்டது. நாம் அதனை விரும்பவில்லை. மறு ஆண்டிலேயே 50 கோடி டொலருக்கு முதலாவது சர்வதேசப் பிணைமுறியை விற்றோம். 2021இல் அரச வருமானத்தின் நூற்றுக்கு 70க்கு மேற்பட்ட பங்கை வட்டியே விழுங்கிற்று. வீழ்ச்சிக்குப் பின், 2023இல் உள்நாட்டுக் கடன் சீரமைக்கப்பட்டபோது வங்கிகள் தப்பின. ஊழியர் சேமலாப நிதி சுமையை ஏற்றது. தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களின் முதுமைக்காலப் பணம் அது. 2024 டிசெம்பரில் முடிந்த பிணைமுறி மாற்றத்தின்படி, நாடு எதிர்பார்த்ததிலும் மேலாக வளருமாயின் கடன் கொடுத்தோருக்குச் செல்லும் தொகையும் கூடும். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து சென்றது. அதன்பின் வந்த அவசர உதவியிலும் ஒரு பகுதி புதுக் கடனாகவே வந்தது. வளர்ச்சியிற் பங்கு கேட்போர் அழிவிலும் பங்கேற்கவேண்டாமா என்று கேட்பது பிழையாகாது.

பாப்பரசர் பிரான்சிஸின் வேண்டுகோளின்படி ஜோசப் ஸ்ரிக்லிற்ஸ், மார்ட்டின் குஸ்மான் ஆகியோர் தலைமையில் அறிஞர் குழுவொன்று 2025 யூனில் வெளியிட்ட அறிக்கையும் இப்பொறுப்பை இருபாலார்க்கும் உரியதென்றே வற்புறுத்துகின்றது. உலகில் 340 கோடி மக்கள், மருத்துவத்துக்கோ கல்விக்கோ செலவிடுவதிலும் அதிகமாக வட்டிக்குச் செலவிடும் நாடுகளில் வாழ்கின்றனர் என ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மாநாடு அதே ஆண்டிற் கணக்கிட்டது. நோய் பரவிய அளவை இது காட்டும்.

ஆனால் நீதி உரோமாபுரியிலும் நியூயோர்க்கிலும் மட்டும் தேடப்படும் பொருளன்று. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீடுவீடாகச் சென்று பெண்களுக்குப் பணம் கொடுத்தன. 2018இல் இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடன் விடய நிபுணர், சில கடன்களின் ஆண்டு வட்டி நூற்றுக்கு 220 வரை ஏறியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். முன்னேற்றம் என்னும் இரண்டாவது நோக்கு, நீதி என்னும் மூன்றாவதைக் கைவிடின் எங்கே போய் முடியும் என்பதற்கு இது நம் முற்றத்துச் சான்று. நாட்டுக்கு விடுதலை கேட்கும் நாம், வாரந்தோறும் தவணைக்காரனின் மோட்டார்ச் சைக்கிள் ஓசைக்கு அஞ்சிக் கதவடைக்கும் பெண்ணை மறந்தால் நமது பேச்சுக்கு மதிப்பில்லை.

கிறித்தவர் நாள்தோறும் சொல்லும் செபத்தில், மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு நேர்ப்பொருள் கடன் என்பதே. தமிழ்ப் புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பும் அச்சொல்லையே வைத்திருக்கிறது. தமிழில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வாங்கியதும் கடன், செய்யவேண்டியதும் கடன். முதலாவது கடனைப் பற்றி உலகம் ஓயாது கணக்கெழுதுகின்றது. இரண்டாவது கடனை எழுதிவைக்கும் பத்திரம் கிரெனடாவைப் போன்ற ஓரிரு இடங்களிலேதான் உண்டு. அடுத்த சாதாரண யூபிலி 2050இல் வரும். இன்று என் வகுப்பில் இருக்கும் மாணவர் அப்போது நடுவயதினராய் இருப்பர். அவர்கள் அன்றும் இரந்து நிற்கவேண்டுமா, உரிமையைச் சுட்டி நிற்பரா என்பதை, இனி நாம் கைச்சாத்திடும் பத்திரங்களின் வாசகங்களே முடிவுசெய்யும்.