கூரை மேல ஒரு காது

தோட்டத்துப் பக்கத்தில் சிகாகோவைப் பற்றி எதற்குப் பேச்சு என்று கேட்பீர்கள். நாம் ஆண்டு தவறாமல் மே தினம் கொண்டாடுகிறோமே, அதற்கு வித்திட்ட 1886-ஆம் ஆண்டின் எட்டு மணி நேர வேலைப் போராட்டம் நடந்த ஊர் அது. இன்றைக்கும் அங்கே உழைத்துச் சாப்பிடும் ஏழைகள் ஏராளம். அவர்கள் குடியிருக்கும் தெருக்களில் போலீஸ் ஒரு கருவியை மாட்டி வைத்திருந்த கதையைத்தான் சொல்ல வந்தோம்.

கருவியின் பெயர் ஷாட்ஸ்பாட்டர். துப்பாக்கிச் சத்தத்தைப் பிடிப்பது அதன் வேலை. கூரை மேலேயும் விளக்குக் கம்பத்திலேயும் ஒலிவாங்கிகளைப் பொருத்தி விடுவார்கள். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். 'டப்' என்று ஒன்று வெடித்தால் பக்கத்துக் கம்பத்துக்கு முதலில் கேட்கும், தூரத்துக் கம்பத்துக்குக் கொஞ்சம் பிந்தும். நம்ம பால்மரக் காட்டில் மரம் ஒன்று சாய்ந்தால், வெவ்வேறு தூரத்தில் நிற்கிற மூணு பேருக்கும் ஒரே நேரத்திலா கேட்குது? அந்த முன்பின் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, இன்ன இடம் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். கம்பெனி ஆள் ஒருவர் அதைச் சரிபார்த்து, ஒரு நிமிடத்துக்குள் போலீசுக்குத் தகவல் அனுப்புவார். கெட்டிக்கார வேலைதான், நாம் மறுக்கவில்லை.

ஆனால் அதற்குத் தெரிந்தது இடம் மட்டும். யார் சுட்டது, எதற்குச் சுட்டது என்று தெரியாது. சுட்டதா, பட்டாசா என்பதும் ஊகம்தான்.

2018-இல் மூன்று ஆண்டுகளுக்கு 3 கோடியே 30 லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 22 போலீஸ் வட்டாரங்களில் 12-இல் மட்டும் மாட்டினார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களும் வாழும் பகுதிகள் அவை. அங்கேதானே துப்பாக்கிச் சூடு அதிகம் என்றது போலீஸ். அதுவும் உண்மைதான்.

நகரின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2021 ஆகஸ்டில் கணக்கை வெளியிட்டது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை 50,176 தகவல்கள். துப்பாக்கிக் குற்றத்துக்குத் தடயம் கிடைத்தது 4,556-இல். நூற்றுக்கு ஒன்பது! தடயம் இல்லை என்பதாலேயே யாரும் சுடவில்லை என்று ஆகாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கம்பெனியோ 97 விழுக்காடு சரி என்கிறது. 'இது தப்பு' என்று போலீஸ் திருப்பிச் சொன்னால்தான் அது தப்புக் கணக்கில் ஏறும். கிராணி தன் கணக்கைத் தானே சரிபார்த்த மாதிரி இருக்கு!

அதே அறிக்கையில் நம்மை உறுத்துவது இன்னொன்று. 'இந்தப் பக்கம் அடிக்கடி சத்தம் வருது' என்பதையே ஒரு காரணமாகக் காட்டி, தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதித்த போலீஸ்காரர்களும் இருந்தார்கள். அந்தத் தெருவில் வீடு இருப்பதே குற்றமா?

2021 மார்ச் 29 விடிகாலை, லிட்டில் வில்லேஜ் பகுதியில் கருவி சொன்னது சரியாகவே இருந்தது. உண்மையாகவே யாரோ சுட்டிருந்தார்கள். ஓடி வந்த போலீஸ் 13 வயதுச் சிறுவன் ஒருவனைச் சுட்டுக் கொன்றது. கையில் இருந்த துப்பாக்கியைப் போட்டுவிட்டு அவன் கையைத் தூக்கியதும், குண்டு பாய்ந்ததும் ஒரு விநாடிக்குள். 2024 ஜனவரியில் நடந்தது வேறு. தகவல் வந்து போன இடத்தில் ஒரு பையன் பட்டாசு கொளுத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்ட போலீஸ்காரர் அவனை நோக்கிச் சுட்டார். நல்ல வேளை, குண்டு படவில்லை. தீபாவளிக்கு லயத்து வாசலில் நம்ம பிள்ளைங்க கொளுத்தாத பட்டாசா?

இன்னொருவர் 65 வயதுப் பெரியவர். இந்தக் கருவியின் பதிவை முக்கியச் சாட்சியாக வைத்து அவரைக் கொலை வழக்கில் ஏறக்குறைய ஓராண்டு உள்ளே வைத்தார்கள். சாட்சியம் போதவில்லை என்று 2021 ஜூலையில் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. போன ஓராண்டுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

மேயர் பிராண்டன் ஜான்சன் தேர்தலில் சொன்னபடி 2024 செப்டம்பர் 22-இல் கருவியை நிறுத்தினார். நகர மன்றத்தில் பலர் எதிர்த்தார்கள். அதே ஏழைப் பகுதிகளின் உறுப்பினர்களும் அவர்களில் உண்டு. அவர்களை நாம் ஏசமாட்டோம். சூடு பட்டவன் தெருவில் கிடக்க, யாரும் போலீசுக்குச் சொல்லப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் இடத்தில், சத்தம் கேட்டு ஆள் வந்தால் ஓர் உயிர் பிழைக்கலாம்.

அப்படியானால் அந்தத் தகவல் போலீசுக்குப் போகும்போதே ஆம்புலன்சுக்கும் போகட்டும். அதை மட்டும் வைத்து ஒருவரை நிறுத்தவோ, சோதிக்கவோ, சிறையில் தள்ளவோ கூடாது என்று சட்டத்தில் எழுதட்டும். மாட்டுவதற்கு முன்னால் அந்தத் தெருக்காரர்களைக் கூட்டி வைத்து ஒரு வார்த்தை கேட்கட்டும். அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் இந்தக் காது இன்னும் கூரை மேல்தான் இருக்கிறது.