டப்பெட் சத்தமும் கெட்டிக்கார மெக்கானிக்குகளும்

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியின் டப்பெட் சத்தத்தை ஐந்தே நிமிடத்தில் நிறுத்திக் காட்டுவதாக எவரேனும் முன்வந்தால், ஸ்பனரை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, காதைச் சாய்த்து, சத்தம் அடங்கும்வரை திருகாணியை இறுக்கிவிட்டு, "இப்ப கேட்டுப் பாருங்கோ ஐயா, பட்டுப் போல ஓடுது" என்பார். உங்கள் எக்சோஸ்ட் வால்வுகளுக்கு அவர் நாள் குறித்துவிட்டார் என்று அறிக.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் கொட்டில்களிலும் மாமரங்களின் கீழும் உறங்கிய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் தூசி தட்டப்பட்டுத் தெருவுக்கு வந்தன. ஆனால் அவற்றை அறிந்த கைகள் அருகிவிட்டன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிது பெற்றோலைக் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் இந்த எஞ்சின்களை ஓடவைத்த யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளிற் பலர் மறைந்துவிட்டனர், பலர் புலம்பெயர்ந்துவிட்டனர். அடுத்து வந்தவர்களிற் பலர் டப்பெட்டைத் தொடவே தேவையில்லாத எஞ்சின்களில் தொழில் பழகியவர்கள். அது அவர்களின் குற்றமன்று. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதுதான் குற்றம்.

விடயம் இதுதான். மொறிஸ் மைனர் 1000 வண்டியில் ரொக்கருக்கும் வால்வின் தண்டுக்கும் இடையே, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.30 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். உலோகம் சூட்டில் நீளும். அதற்கு விடப்பட்ட இடம் அது. இடைவெளி இல்லாவிட்டால் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. எக்சோஸ்ட் வால்வோ தணலில் நிற்பது. அதன் சூட்டின் பெரும்பகுதி வெளியேறுவது இருக்கையைத் தொட்டு நிற்கும் அந்தக் கண நேரத்தில்தான். நிமிடத்திற்கு 3000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது என்றால், அந்தக் கணம் எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். அதையும் பறித்தால் விளிம்பு எரிந்து, அமுக்கம் ஒழுகி, ஒரு சிலிண்டர் செத்துவிடும். கொழும்பில் ஒரு கராஜில் பட்டுப் போல ஆக்கப்பட்ட என் நண்பரின் வண்டிக்கு இதுவே நேர்ந்தது. ஹெட்டைக் கழற்றியபோது வால்வின் விளிம்பு எலி கடித்த தேங்காய்ச் சொட்டுப் போல இருந்தது.

இடைவெளி கூடினாலும் கேடுதான். வால்வு குறைவாகத் திறக்கும், வலு குறையும், ரொக்கர் தண்டை அடித்துத் தேய்க்கும். மறுக்கவில்லை. ஆனால் கூடிய இடைவெளி கத்திக் கூப்பிடுகிறது. குறைந்த இடைவெளி வாய் திறவாமல் கொல்கிறது. (சத்தம் போடுபவனை அடக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்னும் நம்பிக்கை இந்நாட்டில் கராஜ்களுக்கு மட்டும் உரியதன்று. அது வேறு கட்டுரை.)

இன்னொன்று. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இங்கு நிறுத்தப்பட்டது. பொதுநலனுக்கு அது நல்லதே. ஆனால் இந்தப் பழைய எஞ்சின்களில் வால்வின் இருக்கை வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டப்பட்டது. ஈயம் அதற்கு ஒரு பூச்சாக உதவியது. அது இல்லாதபோது, நெடுந்தூரம் வேகமாக ஓடும் வண்டிகளில் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே புதைகிறது. புதையப் புதைய இடைவெளி குறுகும். சத்தமும் தானே அடங்கும். கையே வைக்காமல் எஞ்சின் அமைதியாகிக்கொண்டு வந்தால் மகிழாதீர்கள். கடினமாக்கிய இருக்கை வளையங்களைப் பொருத்தும் வேளை நெருங்குகிறது.

அளவு சரியாக வைத்தும் சத்தம் நிற்கவில்லை என்பார்கள். நில்லாது. பல்லாண்டு ஓடிய ரொக்கரின் முனையில் ஒரு குழி விழுந்திருக்கும். தட்டையான அளவுத் தகடு அக்குழியின் மேல் பாலம் போலக் கிடக்க, உண்மை இடைவெளி தகடு காட்டுவதிலும் பெரிதாக இருக்கும். அதற்குரிய மருந்து ரொக்கரைச் செப்பனிடுவது அல்லது மாற்றுவது. திருகாணியை இறுக்குவது காய்ச்சலுக்குத் தெர்மோமீற்றரை உடைப்பது போன்றது.

சரியான வேலைக்குப் பெரிய கருவியும் வேண்டியதில்லை. இரவு முழுவதும் ஆறிய எஞ்சின், ஓர் அளவுத் தகட்டுக் கட்டு, ஒரு ஸ்பனர், ஒரு ஸ்குரூ டிரைவர். பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். முன்பக்கமிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எட்டாவது முழுதாகத் திறந்து நிற்கையில் முதலாவதைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை. இரண்டும் கூட்டினால் எப்போதும் 9. தகடு இலேசான பிடிப்புடன் நழுவவேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகாணி சற்றே நகரும் என்பதால் இறுக்கிய பின் மறுபடி அளக்கவேண்டும். அவசரக்காரர் விட்டுவிடும் இடம் இதுதான். உங்கள் மெக்கானிக் இரண்டாம் முறை அளக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அளந்தால் கேட்ட கூலியைக் கொடுங்கள். தேநீரும் வாங்கிக் கொடுங்கள்.