அழிக்காமல் அசையாது

பேசிக் மொழியை முதலில் கற்ற மாணவருக்கு நல்ல நிரலாக்கத்தைச் சொல்லித்தருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்று 1975இல் எழுதினார் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பெரிய ஆள்தான். ஆனால் அவர் கணக்குப்படி கெட்டுப்போனவர்களில் நானும் ஒருவன். பதினைந்து வருஷமாக நிரல் எழுதித்தான் சாப்பிடுகிறேன்.

2001, திருவண்ணாமலை. மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், ஜி.டபிள்யூ. பேசிக். திரை என்றால் அகலத்தில் 80 எழுத்து, உயரத்தில் 25 வரி, அவ்வளவுதான். அதில் / \ குறிகளை அடுக்கி நம்ம மலையை வரைந்தேன். உச்சியில் ஒரு *. கார்த்திகை நெருங்கியது, அந்தச் சுடர் ஆட வேண்டும். பிரிண்ட் கொடுத்தேன், வந்தது, நின்றது. அசையவில்லை. லொக்கேட் கட்டளையில் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், வெற்றிடத்தை அச்சிட்டுப் பழைய சுடரை அழித்து, பக்கத்துக் கட்டத்தில் புதிதாகப் போட வேண்டும். நடுவில் சும்மா ஆயிரம் வரை எண்ணும் ஒரு ஃபார்-நெக்ஸ்ட். இல்லாவிட்டால் ஆட்டம் கண்ணில் நிற்காது. அசைவு என்று ஒன்று கிடையாது, அழித்து எழுதுவதுதான் உண்டு என்பது அன்றைக்குப் புரிந்தது. "சிலபஸ்ல இல்லாதத எதுக்குடா போடற?" என்று அணைத்துவிட்டார் சொல்லித்தந்தவர். சிலபஸில் இருந்தது தனிவட்டி.

டைக்ஸ்ட்ராவின் பயம் பொய்யில்லை. கோ டு போட்டுத் தாவித் தாவி எழுதியது மறுநாள் எனக்கே விளங்காது. வேகமான மெஷின் வந்ததும் என் சுடர் பேய் பிடித்த மாதிரி ஆடியது. நேரத்தை நான் கடிகாரத்தில் அளக்கவில்லை, பழைய மெஷினின் சோம்பலில் அளந்திருக்கிறேன். ஆனால் அந்தத் தப்பையும் திரைதான் காட்டிக்கொடுத்தது, ஆசிரியர் இல்லை.

இப்போது அக்கா பையனை மாதச் சந்தா கட்டி கோடிங் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். கட்டங்களை இழுத்துப் போட்டால் பூனை ஓடுகிறது. "எப்படிடா ஓடுது?" என்றேன். "ஓடற பிளாக் போட்டேன் மாமா." கருவிமேல் குறை இல்லை. அவனுக்காக உள்ளே யாரோ அழித்துக்கொண்டே இருப்பதை அந்த வகுப்பு சொல்லவே இல்லை என்பதுதான் என் கோபம். கடைசியில் சர்டிபிகேட் மட்டும் வரும்.

டைக்ஸ்ட்ராவும் கோடிங் வகுப்பும் கேட்பது ஒரே கேள்வி: இவன் நல்ல நிரலாளன் ஆவானா? 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் பேசிக்கை உருவாக்கியபோது கேட்டது அதுவல்ல. அறிவியல், கணிதம் படிக்காத மாணவனும் கணினியில் கைவைக்கட்டும் என்றார்கள். தமிழ் மீடியத்துப் பையன் ஒருவன் அப்படித்தான் கைவைத்தான். விளையாட்டு என்று அதைத் தள்ளுபவர்கள், குழந்தைக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு கல்லாப்பெட்டியை வைக்கிறார்கள்.

போன வாரம் பழைய பேசிக்கை லேப்டாப்பில் ஓடவைத்து அவனை உட்காரவைத்தேன். ஒரே ஒரு நட்சத்திரத்தை நகர்த்தப் பார்த்தான். வரி முழுக்க நட்சத்திரம்.

"மாமா, பழசு போகவே மாட்டேங்குது."

"அதுவா போகாது. நீதான் அழிக்கணும்."

அரை மணி நேரம் என் பக்கம் திரும்பவே இல்லை.