மணிக்கு எலும்பு போடலாமா?



ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு. இலையில் ஒதுக்கிய எலும்புகளை அள்ளி, வாலாட்டி நின்ற மணிக்கு நானே போட்டேன். சாயங்காலம் அது வாயைக் காலால் பிறாண்டியது; எச்சில் ஒழுகியது; தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் குத்தி நின்ற சிம்பை எடுத்தார். "வாத்தியாரய்யா, நீங்களுமா?" என்றார். தலை குனிந்தேன்.

எலும்பென்றால் நாய்க்கு உயிராயிற்றே என்பீர்கள். உண்மைதான். ஆனால் வேகும்போது எலும்பைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து இறங்கிவிடும். எலும்பு சூப் ஆறியதும் கூழாக உறைவதைப் பார்த்திருப்பீர்களே, அதனால்தான்! மிஞ்சிய எலும்பு, கடித்தால் கூர்கூராகப் பிளக்கும். கோழி எலும்பு மெல்லியது, இன்னும் மோசம். தொண்டையில் குத்தும், குடலை அடைக்கும். ஒட்டியிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பச்சை எலும்பு? அவ்வளவாகச் சிம்பு தெறிக்காது. ஆனால் பல் உடையலாம். சால்மொனெல்லா கிருமியும் இருக்கலாம்.

கடையில் விற்கும் பதப்படுத்திய எலும்புகளால் சுமார் 90 நாய்கள் நோயுற்றதாகவும், 15 இறந்ததாகவும் தனக்குப் புகார்கள் வந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது.

ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, தெருநாயோ, எலும்பு சிக்கினால் நீங்கள் கைவிட்டு இழுக்காதீர்கள், வலியில் கடித்துவிடும். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். நம் நெல்லையில், ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மணிக்கு இப்போது மசாலா இல்லாமல் வேகவைத்த, எலும்பு நீக்கிய கறியும் சோறும்தான். இலை எடுக்கும்போது மட்டும் இன்னும் என்னையே பார்க்கிறது.