முதுகுக்குள் ஒரு டைட்டானியம் திருகு

ஓசூர் சிப்காட்டில் மதியம் ஷிப்டு மாறும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சீருடைச் சட்டைக்கு மேலேயோ உள்ளேயோ இடுப்பில் அகலமான பெல்ட் கட்டிய ஆட்கள் சிலராவது கண்ணில் படுவார்கள். எல்லோரும் வயசானவர்கள் என்று நினைக்க வேண்டாம். "ஜவ்வு விலகிடுச்சாம்" என்பது இந்தப் பக்கம் "சுகர் இருக்காம்" மாதிரி சர்வசாதாரணமாகப் புழங்கும் வார்த்தை ஆகிவிட்டது.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1970களில் சிப்காட் வந்தது. 1980ல் அசோக் லேலண்ட், அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே டைட்டன் வாட்ச். அன்றைக்கு இருபது வயதில் மெஷின் முன்னால் போய் நின்றவருக்கு இன்றைக்கு அறுபத்தைந்து. அவருடைய பிள்ளை இப்போது ஏதோ ஒரு சின்ன சிஎன்சி பட்டறையில் இரும்பு பாரைத் தூக்கி லேத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். கிருஷ்ணகிரி பக்கம் போனால் கிரானைட் குவாரி, நெடுஞ்சாலையில் நாள் முழுக்கக் குலுங்கும் லாரி ஓட்டுநர்கள், ரோஜாத் தோட்டங்களில் காலையிலிருந்து குனிந்தபடியே இருக்கும் பெண்கள். முதுகுக்கு வேலை கொடுக்காத தொழில் இந்த மாவட்டத்தில் குறைவு.

அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர். பொம்மசந்திரா தொடங்கியே பெரிய பெரிய தனியார் மருத்துவமனைகள். சிறு துளை வழியாக முதுகுத்தண்டை நிலைப்படுத்தும் சிகிச்சை என்ற பேச்சு எல்லை தாண்டி வருவது அந்த வழியாகத்தான். தழும்பு தெரியாது, ரத்தம் அதிகம் போகாது, மறுநாளே நடக்கலாம். லீவு போட்டால் சம்பளம் போகும் ஒருவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி என்ன இருக்க முடியும்?

இதில் சொல்லப்படுவது பெரும்பாலும் உண்மை. சிக்கல் சொல்லப்படாததில் இருக்கிறது. துளை சின்னதாக இருப்பதால், உள்ளே ஒன்றை வைப்பது என்ற முடிவும் சின்னதாகத் தெரிய ஆரம்பிக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் இந்தச் சாதனம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். முள்ளெலும்பு ஒன்றின் இரு பக்கமும் பின்னாலிருந்து ஒரு திருகு, அடுத்த எலும்பிலும் அதேபோல் இரண்டு, இவற்றை இணைக்க இரண்டு கம்பி. பழைய முறையில் முதுகை நீளமாகக் கீறி, எலும்பை ஒட்டிய தசையை இரு பக்கமும் உரித்து ஒதுக்கித்தான் இதை மாட்டுவார்கள். புதிய முறையில் தோலில் சிறு வெட்டுகள் போதும். எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே மெல்லிய வழிகாட்டிக் கம்பியை எலும்புக்குள் இறக்கி, நடுவில் துளை உள்ள திருகை அந்தக் கம்பி மேல் கோர்த்து முடுக்குவார்கள். இணைக்கும் கம்பியையும் தோலுக்கு அடியிலேயே வளைவாகச் செலுத்தும் முறையை அமெரிக்க மருத்துவர் கெவின் ஃபோலி குழுவினர் 2001ல் வெளியிட்டார்கள். அதன்பிறகு இந்த முறை உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

விபத்தில் உடைந்த முள்ளெலும்பு, ஒன்றின் மேல் ஒன்று நழுவி அசைந்துகொண்டிருக்கும் எலும்பு, கட்டியோ கிருமியோ அரித்துவிட்ட எலும்பு... இவற்றுக்கெல்லாம் இது நிஜமான வரப்பிரசாதம். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் ஒன்று. இந்தத் திருகு எலும்பைக் காலத்துக்கும் தாங்கிப் பிடிக்கும் தூண் கிடையாது. கட்டடம் இறுகும்வரை நிற்கும் சாரம் மாதிரி. நழுவிய எலும்புகளுக்கு நடுவே எலும்புத் துணுக்கு வைத்து, அவை ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்வரை அசையாமல் பிடித்திருப்பதுதான் அதன் வேலை. ஒட்டவில்லை என்றால் உலோகம் தளரும், அல்லது ஒருநாள் முறியும். ஓசூர் மெஷின் ஷாப்பில் வேலை பார்ப்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. திரும்பத் திரும்ப வளைத்தால் எந்தக் கம்பியும் ஓரிடத்தில் முறியும் என்பது அவருக்குத் தெரியும். (பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.)

ஆக, திருகு வேண்டுமா என்பதற்கு ஒரே கேள்விதான். அங்கே எலும்பு நிஜமாகவே ஆட்டம் கண்டிருக்கிறதா?

ஜவ்வு தேய்ந்திருக்கிறது என்பது அதற்குப் பதில் ஆகாது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பது மாதிரிதான் இதுவும். இதையே எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ஆங்கிலத்தில் படிக்கும்போது முதுகே உடைந்துவிட்டது போலப் பயம் வருகிறது. டிஸ்க் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்ற கேள்வியில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரனின் ஆராய்ச்சி முக்கியமானது. வளர்ந்த மனிதனின் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பின் மெல்லிய ஓரத்தட்டு வழியாகக் கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அந்தக் கசிவைத் தொடர் எம்ஆர்ஐ படங்களில் காட்டிய அவருடைய ஆய்வு, 2004ல் முதுகெலும்புத் துறையின் உலக அளவிலான ஐஎஸ்எஸ்எல்எஸ் பரிசைப் பெற்றது.

இப்போது இன்னொரு சாதனத்தின் கதை. நடந்தால் கால் மரத்துப்போய் வலிக்கும், குனிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி எவ்வளவு தூரமும் போவார், நிமிர்ந்து பத்தடி நடக்க முடியாது. நரம்பு போகும் பாதை சுருங்கியிருப்பதன் அடையாளம் அது. குனியும்போது அந்தப் பாதை கொஞ்சம் அகலமாகிறது. அப்படியானால் முள்ளெலும்பின் பின்முனைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு ஆப்பு வைத்து, எப்போதும் லேசாகக் குனிந்த நிலையிலேயே வைத்துவிட்டால் என்ன? அருமையான யோசனை! சான்பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஜேம்ஸ் ஜுக்கர்மேனும் கென் சூவும் எக்ஸ்-ஸ்டாப் என்ற டைட்டானியச் சாதனத்தை இப்படித்தான் உருவாக்கினார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே பொருத்திவிடலாம். 2005 நவம்பரில் அமெரிக்க அரசின் எஃப்டிஏ அனுமதித்தது.

அடுத்து நடந்ததை ஓசூரில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இதே வகையைச் சேர்ந்த வேறொரு சாதனத்தை, உலோகமே வைக்காமல் நரம்புப் பாதையை மட்டும் அகலப்படுத்தும் வழக்கமான அறுவையோடு நெதர்லாந்தில் ஒப்பிட்டார்கள். முடிவு 2013ல் வந்தது. முதல் சில வாரங்களில் இரு பக்கமும் ஒரே மாதிரி நிவாரணம். ஆனால் மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் சாதனம் வைத்தவர்களில் 29 சதவீதம், வைக்காதவர்களில் 8 சதவீதம். எக்ஸ்-ஸ்டாப்பை வைத்து ஸ்வீடனில் நடந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. கடைசியில் எக்ஸ்-ஸ்டாப் சந்தையிலிருந்தே போய்விட்டது. துளை சின்னதுதான், யோசனையும் புத்திசாலித்தனமானதுதான். ஆனாலும் பலர் இரண்டாம் முறை மேசையில் படுக்க வேண்டியதாயிற்று.

திருகு, கம்பி விஷயத்திலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. ஸ்வீடனில் 247 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016ல் வெளியானது. பாதையை மட்டும் அகலப்படுத்தியவர்களும், கூடவே எலும்பை ஒட்டவைத்தவர்களும் 2 ஆண்டு கழித்து ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஒட்டவைத்தவர்களுக்குச் செலவும் ரத்த இழப்பும் கூடுதல். நியாயமாகப் பேசினால் மறுபக்கமும் உண்டு. அதே இதழில் வந்த சிறிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், எலும்பு நழுவியவர்களில் ஒட்டவைத்தவர்கள் சற்று மேலாக இருந்தார்கள். 2021ல் வந்த நார்வே ஆய்வோ, நழுவல் இருந்தாலும் அகலப்படுத்துவது மட்டுமே பலருக்குப் போதும் என்றது. மருத்துவர்களிடையே விவாதம் முடியவில்லை. விளம்பரங்களில் மட்டும் அது எப்போதோ முடிந்துவிட்டது!

இப்படிக் கேள்வி கேட்பது வெள்ளைக்காரர்கள் விவகாரம் என்று நினைத்தால், சென்னையை நினைவுபடுத்த வேண்டும். முதுகெலும்புக் காசநோய்க்கு, மார்பைத் திறந்து அரித்த எலும்பை நீக்கும் பெரிய ஹாங்காங் அறுவையே சிறந்தது என்று பலர் நம்பிய காலம் ஒன்று இருந்தது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் அந்த அறுவையையும், படுக்க வைக்காமல் நடமாடவிட்டே மருந்து மட்டும் கொடுப்பதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 10 ஆண்டு பின்தொடர்ந்து 1999ல் வெளியிட்ட முடிவில், மருந்து மட்டும் சாப்பிட்டவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கியிருக்கவில்லை. எத்தனை ஏழைகளின் மார்பு கத்தியிலிருந்து தப்பியது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதால் வந்த நன்மை அது.

எனவே எல்லை தாண்டிப் போகும் தொழிலாளி கையெழுத்துப் போடுவதற்கு முன் வாய்விட்டுக் கேட்க வேண்டும். "டாக்டர், எலும்பு ஆடுதா? குனிஞ்சு நிமிர்ந்து எடுத்த எக்ஸ்ரேல அது தெரியுதா? உலோகம் வைக்காம நரம்பை மட்டும் விடுவிச்சா போதாதா? மூணு மாசம் பொறுத்தா என்ன ஆகும்?" கடைசிக் கேள்வி முக்கியம். ஜவ்வு பிதுங்கி வரும் கால்வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், அல்லது மூன்று மாதத்துக்குள், தானே தணிகிறது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, கால் பலம் வேகமாகக் குறைவது ஆகியவை விதிவிலக்கு. அப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

பொறுப்பதற்குப் பணம் வேண்டுமே என்றால், இஎஸ்ஐ இருக்கிறது. நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி. ஜவ்வு பிதுக்கம் நீண்டகால நோய்ப் பட்டியலிலேயே இருப்பதால், 2 ஆண்டு பணியில் இருந்தவருக்கு அதற்கு மேலும் கிடைக்கும். எத்தனை ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது தெரியும்? மேற்பார்வையாளர்களே சொல்வதில்லை.

அரசின் பங்கும் பாக்கி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கு உச்சவிலை வந்தது. லட்சத்துக்கு மேல் விற்றது 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அதே ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கும் வந்தது. முதுகெலும்புத் திருகுக்கு அப்படி ஒரு வரம்பு வரவில்லை. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்றக்கூடாது என்பதோடு சரி. ஆரம்ப விலை என்ன என்று கேட்பார் இல்லை. எத்தனை திருகு போடுகிறார்களோ அத்தனைக்கும் பில். முதுகு ஒடிய வேலை பார்க்கும் ஊர் முதலில் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

பட்டறை முதலாளிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. எல்லா வசதியும் சரியாக இருக்கும்போதே ஒருவர் தூக்க 23 கிலோதான் பாதுகாப்பான எடை என்கிறது அமெரிக்கத் தொழில்நல அமைப்பான நியோஷ். நம் ஊரில் சிமெண்ட் மூட்டையே 50 கிலோ. லேத்துக்குப் பக்கத்தில் ஒரு செயின் பிளாக்கும், உயரம் ஏற்றி இறக்கும் ஒரு மேசையும் போட ஆகும் செலவை, ஒரே ஒரு ஆளின் முதுகு ஆபரேஷன் பில்லோடு வைத்துப் பார்க்கட்டும்.