பஸ் காசுக்குக் கணக்கு எங்கே?

சம்பளம் கைக்கு வந்ததும் வீட்டு வாடகை எவ்வளவு, பால் எவ்வளவு, பலசரக்குக் கடைப் பாக்கி எவ்வளவு என்று துண்டுக் காகிதத்தில் எழுதுகிறோம். பஸ் காசு? அதை மட்டும் எழுதுவது இல்லை. "தினமும் பத்து, இருபதுதானே" என்று விட்டுவிடுகிறோம். இருபதாம் தேதிக்கு மேல் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது!

நாகர்கோவில் கடைகளிலும் ஆபீசுகளிலும் வேலை பார்க்கிறவர்கள் மார்த்தாண்டம், தக்கலை, திங்கள்சந்தை, குளச்சல், பூதப்பாண்டி என்று நாலா பக்கமும் இருந்து வருகிறார்கள். அவர்களுக்காக இன்று நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

58 பைசா

2018 ஜனவரி 20-ந் தேதி தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் ஏறியது ஞாபகம் இருக்கும். வெளியூர் சாதா பஸ்சுக்கு கிலோமீட்டருக்கு 42 பைசாவாக இருந்தது, ஒரே ராத்திரியில் 60 பைசா ஆனது. மாணவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். பத்து நாளுக்குள் 2 பைசா குறைத்து 58 ஆக்கினார்கள். எக்ஸ்பிரஸ் 80 பைசாவில் இருந்து 75-க்கு இறங்கியது. அந்த 42 பைசாவும் 2011 நவம்பரில் 28 பைசாவில் இருந்து எகிறியதுதான்.

மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு சுமார் 30 கிலோமீட்டர். 58 பைசா வீதம் 17 ரூபாய் 40 பைசா. 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 36. மாதம் 26 வேலை நாள். ஆக 936 ரூபாய்!

எக்ஸ்பிரசில் ஏறினால் 22 ரூபாய் 50 பைசா. 23 என்று வைத்தால் போக வர 46. மாதம் 1,196 ரூபாய். வித்தியாசம் 260. ஒரு சின்னக் குடும்பத்துக்கு எத்தனை நாள் மரச்சீனியும் சாளையும் வாங்கலாம் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இது காகிதக் கணக்குதான். பஸ்சுக்குள் ஸ்டேஜ் கணக்கு. ரெண்டு ஸ்டேஜுக்கு நடுவில் இறங்குகிறவர் அடுத்த ஸ்டேஜ் வரைக்கும் காசு கொடுத்தாக வேண்டும். அதனால் டிக்கெட்டில் ஒன்றோ ரெண்டோ கூடத்தான் வரும்.

ரெண்டு ஸ்டாண்டு

நாகர்கோவிலுக்கு வடசேரியில் ஒரு ஸ்டாண்டு, மீனாட்சிபுரத்தில் அண்ணா பஸ் நிலையம் என்று இன்னொன்று. ஒன்றில் இறங்கியவர் மற்றதன் பக்கம் வேலைக்குப் போக வேண்டும் என்றால் நடக்க வேண்டும், இல்லை இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 5 ரூபாய் என்றே வைப்போம். போக வர 10. மாதம் 260. சாதா பஸ்சில் வந்து மிச்சம் பிடித்த அதே 260! கணக்குப் போட்டபோது நமக்கே சிரிப்பு வந்துவிட்டது. தூரத்துப் பஸ்சில் கஞ்சத்தனம் பண்ணியவர் ஊருக்குள் கோட்டை விடுகிறார்.

ரயில்? நாகர்கோவில், இரணியல், குழித்துறை ஸ்டேஷன் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் அதையும் பார்க்கத்தான் வேண்டும். கொரோனா காலத்தில் பாசஞ்சர் ரயிலின் குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாயில் இருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10-க்கு வந்தது. சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் லாபம். ஆனால் ரயில் நேரத்துக்குக் கடை மூட மாட்டார்களே!

இலவசம் எதுவரை?

2021 மே 8-ந் தேதி முதல் சாதாக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. நல்ல திட்டம். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. அந்தப் பணம் பால் ஆகிறது, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஆகிறது.

ஆனால் "சாதா", "டவுன்" என்ற ரெண்டு வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. எக்ஸ்பிரசுக்கு அது செல்லாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பஸ் நிலையத்தில் போய் நின்று பார்த்தோம். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை அடைத்துவிட்டு வரும் பெண்கள். காலையில் இருந்து நின்றே வேலை பார்த்த கால். எக்ஸ்பிரஸ் வருகிறது. ஏறலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். டவுன் பஸ் இன்னும் உண்டா, போச்சா? கேட்டால் ஆளுக்கு ஒரு நேரம் சொல்கிறார்கள். சிலர் ஏறிவிடுகிறார்கள். சிலர் நிற்கிறார்கள்.

தக்கலைப் பக்கம் போகிற பெண் ஒருவர் வாரத்தில் மூன்று ராத்திரி இப்படி எக்ஸ்பிரசில் போனால்? சுமார் 16 கிலோமீட்டர், 75 பைசா வீதம் 12 ரூபாய். மாதம் 12 ராத்திரிக்கு 144. இது பஸ்சுக்கு மட்டும். தக்கலையில் இறங்கி ஊருக்குள் போகிற ஆட்டோ தனி. பஸ் காசு பூஜ்யம் என்று நம்பி சம்பளத்தைப் பங்கு வைத்த வீட்டில் இது ஓட்டைதானே? காசு கொடுக்காமல் நின்றவருக்கோ ஒரு மணி நேரம் போகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வீடு போய்ச் சேருகிறார். அதற்கு எந்தக் கணக்கில் எழுதுவது?

எல்லைக்கு அந்தப் பக்கம்

களியக்காவிளையைத் தாண்டினால் வேறு கணக்கு. கேரளத்தில் 2022 மே 1-ல் சாதா பஸ் கட்டணத்தை மாற்றினார்கள். முதல் இரண்டரை கிலோமீட்டருக்கு 10 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 1 ரூபாய். அதே 30 கிலோமீட்டருக்கு 37 ரூபாய் 50 பைசா வருகிறது. 38 என்று வைத்தால் மாதம் 1,976. திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகும் விளவங்கோடுக்காரர் சம்பளம் பேசும்போதே இதைக் கழித்துக்கொண்டு பேசினால் நல்லது.

ஆனால் அந்தக் கணக்கைப் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. விதி ஒரே வரியில் முடிகிறது. பழைய திருவிதாங்கூர் பழக்கமோ என்னவோ! 1938 பிப்ரவரி 20-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா அரசு பஸ்சைத் தொடங்கி வைத்தபோது நம்ம நாகர்கோவிலும் திருவிதாங்கூர்தான். லண்டனில் இருந்து வந்த சால்ட்டர் துரைதான் சூப்பிரண்டு. மைலுக்கு அரை சக்கரம். மூன்று வயதுக்குக் கீழே குழந்தைக்கு டிக்கெட் இல்லை, பதினாலு வயது வரை அரை டிக்கெட். எழுத்துத் தெரியாதவர்கூட ஏறும் முன்பே மடியில் காசை எண்ணி வைத்துக்கொள்ளலாம்.

1956 நவம்பர் 1-ல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம். பிறகு நேசமணி பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-ல் எல்லாக் கழகங்களும் தலைவர்கள் பெயரை விட்டு ஒரே பெயருக்கு மாறின. பஸ்சின் பெயர் எத்தனை மாறினால் என்ன, ஏறுகிறவனுக்குக் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு?

ஒரு தகரப் போர்டு

சென்னையில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு. எடுத்தவர் பட்ஜெட்டில் ஒரே வரி எழுதி முடித்துவிடுகிறார். இங்கே எந்தத் தடத்துக்கு எந்தப் பாஸ், விலை என்ன, எந்த பஸ்சில் செல்லும் என்பது ஆபீஸ் ஜன்னலுக்குள் இருந்தால் போதாது. வடசேரியிலும் அண்ணா பஸ் நிலையத்திலும் கண்ணில் படுகிற உயரத்தில் இருக்க வேண்டும். கூடவே ஊர், கிலோமீட்டர், ஸ்டேஜ், சாதாவுக்கு எவ்வளவு, எக்ஸ்பிரசுக்கு எவ்வளவு. முக்கியமாக ராத்திரி கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு? அந்த நேரத்தைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். கடைகள் அடைத்த பிறகு கிளம்புகிற மாதிரி அந்த நேரத்தையே தள்ளி வைத்தால் இன்னும் புண்ணியம்.

பஸ் நிலையம் மாநகராட்சிக்கு, பஸ் போக்குவரத்துக் கழகத்துக்கு என்று ஒருவர் மேல் ஒருவர் கை காட்ட வேண்டாம். ஒரு தகரமும் ஒரு டப்பா பெயிண்டும் ஆகிற செலவு.

போர்டு வருகிறவரை, வாசகர்கள் ஒரு வாரத்து டிக்கெட்டை எல்லாம் எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டி, நாலரையால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் மாதச் செலவு. மெஷின் டிக்கெட்டில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். அன்றன்றைக்கே பின்பக்கம் பேனாவால் எழுதிவிடுங்கள்.